வாசிப்பது நான்

அறிவிப்பாளர் பயிற்சி வகுப்பின் முதல் நாளில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். ‘இன்று மாலை மழை பெய்யக்கூடும்.’

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் இரண்டாவது மாடி. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். பயிற்றுநர் வானொலியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை ‘சார்’ என்று மட்டும்தான் கூப்பிட்டோம். அந்த வாக்கியத்தை முதலில் ஒரு வாரமாகத் தண்ணீர் வெட்டில் தவிக்கும் குடியிருப்புக்குச் சொல்வதுபோல வாசிக்கச் சொன்னார். பிறகு வாசலில் கல்யாணப் பந்தல் போட்டிருக்கும் வீட்டுக்கு. கடைசியாக, போன வெள்ளத்தில் வீட்டுச் சாமானையெல்லாம் பறிகொடுத்த ஒருவருக்கு. மூன்றாவது முறை ஒரு பெண் வாசித்தபோது அறையில் யாரும் அசையவில்லை.

“ஓர் எழுத்துகூட மாறல. ஆனா மூணு வேற செய்தி சொல்லிட்டீங்க. இதுக்குத்தான் நீங்க காசு கட்டியிருக்கீங்க” என்றார் சார்.

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் ஓர் எச்சரிக்கையும் இருந்தது என்று எனக்குப் புரிய மூன்று வருடமானது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குரலைப் பழக்குவது பொய் சொல்லப் பழகுவதா? சொற்கள் சொல்லாத ஒன்றைக் குரல் சொல்லிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

எட்டு வாரம் நாங்கள் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார வேண்டும். முகத்தை நேராக வைக்காமல் சற்றுச் சாய்வாக வைத்தால் ‘ப’ வரும்போது காற்று போய் மைக்கில் அடிக்காது. மூச்சை நெஞ்சில் நிறுத்தாமல் வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். பல்லுக்கிடையில் பென்சிலைக் கடித்தபடி ஒரு பத்தியை வாசித்துவிட்டு, பென்சிலை எடுத்துவிட்டு மறுபடி வாசித்தால் உச்சரிப்பு துலங்கும். தாளில் நிறுத்தங்களுக்குச் சாய்கோடு. அழுத்த வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ‘அழைத்துச்செல்லப்பட்டிருக்கிறார்கள்’ என்று ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியத்தையே சொல்லாக்கிவிடும் மொழியில் அந்தக் கணக்கு செல்லாது. ஆகவே தமிழில் சொல்லை எண்ணாமல் மூச்சை எண்ணச் சொன்னார் சார்.

தொலைக்காட்சிக்கு வேறு பாடம். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு முகத்தைத் தயார் செய்யக்கூடாது. எரியும் முன்பே தயாராக இருக்க வேண்டும். திரையில் ஓடும் எழுத்தை வாசிக்கும்போது கண் இடவலமாக ஓடினால் பார்ப்பவருக்குத் திருட்டு முழிபோலத் தெரியும். காதில் தயாரிப்பாளர் ‘இன்னும் பத்து நொடி’ என்று சொல்லிக்கொண்டிருக்க, எதிரே விருந்தினர் தன் மறைந்த மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டையும் கேட்க வேண்டும். ஒன்றைத்தான் கேட்பதுபோல இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஆயிரம் பேருக்குப் பேசாதே, ஒருவருக்குப் பேசு. “உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆளை மைக்குக்குப் பின்னால உட்கார வைங்க” என்பார் சார். இரண்டு, சிரிப்பு காதுக்குக் கேட்கும். உதடு விரிந்தால் ஒலியின் நிறமே மாறிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட வாசிப்பவர் சிரிக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். வகுப்பில் செய்து பார்த்தோம். யாரும் தப்பாகச் சொல்லவில்லை.

நான் மைக்குக்குப் பின்னால் உட்கார வைத்தது என் பெரியம்மாவை.

பெரியம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் வேலைக்குப் போய், மதியம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரேடியோவைத் திருகுவார். லயத்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அது தொங்கும். 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயாவாகத் தொடங்கி, பல பெயர் மாறி, இன்று மின்னல் எஃப்.எம். என்று நிற்கும் அந்தத் தமிழ் ஒலிபரப்புதான் அவருக்குக் கடிகாரம், செய்தித்தாள், பேச்சுத்துணை எல்லாம். தோட்டத்தில் எந்த வாக்குவாதமும் ‘ரேடியோவுல சொன்னாங்க’ என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த எனக்கு வகுப்பில் ‘ழ’ வரவில்லை. பெரியம்மா வீட்டில் வாளப்பளம்தான், மளைதான் பெய்யும். இருபத்திரண்டு வயதில் நாக்கை மடக்கக் கற்றுக்கொண்டேன். கோலாலம்பூர் எல்ஆர்டியில் நின்றுகொண்டு யாருக்கும் கேட்காமல் ‘ஏழைக் கிழவி வாழைப்பழத் தோல்’ என்று முனகியிருக்கிறேன். ஆறாவது வாரத்தில் அம்மாவுக்குப் போன் செய்தபோது அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “யாருங்க பேசறது?” என்று கேட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடமிருந்து எதையோ எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திவிட்டார்கள் என்று தோன்றியது. சொந்தக் குரலை விற்று இரவல் குரலை வாங்கியிருக்கிறேனா?

இப்போது அப்படி நினைக்கவில்லை. சொந்தக் குரல் என்று நாம் நினைப்பதும் யாரிடமிருந்தோ கற்றதுதான். ‘வாளப்பளம்’ எனக்குப் பிறப்பிலேயே வந்த சொல் கிடையாது. பெரியம்மா சொல்லக் கேட்டுச் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரி வைக்க ஒரு பாட்டியைக் கூப்பிடுவார்கள். செத்தவர் அவருக்கு உறவே இல்லாமல் இருக்கலாம். மூச்சை எங்கே விட வேண்டும், எந்த இடத்தில் குரலை உடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் தொடங்கிய பிறகுதான் பெற்ற மகளுக்கே அழுகை வரும். பாட்டி நடித்தார் என்று யாரும் சொன்னதில்லை. துக்கத்துக்கு ஒரு வழி வெட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ நடிகர்களைப் பற்றி எழுதியபோது ஒரு முரணைச் சுட்டினார்: மேடையில் தானே உருகிவிடுகிற நடிகரைவிட, நிதானத்தோடு உருக்கத்தை உருவாக்குகிற நடிகர்தான் பார்ப்பவரை அதிகம் அசைக்கிறார் என்பது அவர் வாதம். எங்கள் தோட்டத்துப் பாட்டிக்கு அது திதரோவைப் படிக்காமலே தெரிந்திருந்தது.

உச்சரிப்பு விஷயத்திலும் எனக்குத் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. 1941-இல் பிபிசி, யார்க்‌ஷயர்காரரான வில்ஃப்ரட் பிக்கிள்ஸைத் தேசியச் செய்தி வாசிக்க வைத்தது. அதுவரை செய்தி என்றால் தென் இங்கிலாந்தின் படித்த வர்க்கத்து ஆங்கிலம்தான். வட்டார வாடையோடு செய்தி வருவதை நேயர்கள் பலர் விரும்பவில்லை. செய்தி அதே செய்திதான். நம்பிக்கை சொல்லில் மட்டுமில்லை, சொல்கிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நியாயம் இல்லை. ஆனால் ஊடகத்தில் வேலை செய்கிறவருக்கு அதுதான் தரையின் நிலவரம். என் ‘ழ’ எனக்கு ஒரு கதவைத் திறந்தது என்றால், அந்தக் கதவுக்கு ஏன் அந்தப் பூட்டு என்ற கேள்வி தனியாக நிற்கிறது. சிங்கப்பூரில் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்தபோது எழுந்த விவாதங்களும் ஏறத்தாழ இதே பூட்டைப் பற்றியவைதான்.

ஆக, பழக்கிய குரல் பொய்க் குரல் இல்லை. இதுதான் என் முதல் கேள்விக்குப் பதில். இந்தப் பதிலோடு நிம்மதியாக ஓர் இணைய வானொலியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வானொலியின் பெயர் இங்கே தேவையில்லை. சம்பளம் குறைவு, உற்சாகம் அதிகம். காலை நிகழ்ச்சி என்னுடையது. வருமானம் விளம்பரத்தில்தான். ஒரு நாள் ஒரு பானத்துக்கான விளம்பரம் வந்தது. மூலிகைப் பொடி, வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும். அறுபது நொடி. தனி விளம்பரமாக இல்லாமல், நான் என் சொந்த அனுபவத்தைச் சொல்வதுபோல நிகழ்ச்சிக்குள்ளேயே வர வேண்டும்.

எழுதிக் கொடுத்த தாள் மிகவும் கவனமாக எழுதப்பட்டிருந்தது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா போன்ற குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. ஆகவே அந்தத் தாளில் எந்த நோயின் பெயரும் இல்லை. ‘குணமாகும்’ என்ற சொல் இல்லை. ‘மருந்து’ என்ற சொல்லும் இல்லை. ‘இனிப்பைப் பார்த்துப் பயந்த காலம்...’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு மூன்று புள்ளி. பிறகு, ‘இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி’ என்று இன்னொரு வரி.

அந்த மூன்று புள்ளியைத்தான் என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். குரலைச் சற்று இறக்கி, ஒரு பாதி மூச்சு விட்டு, ஒரு மனிதர் தன் கஷ்டத்தை நினைத்துப் பார்க்கிற நேரத்தை அதற்குக் கொடுத்தேன். பிறகு உதட்டை விரித்தேன். ‘நிம்மதி’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு. ஒரே டேக்கில் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. நன்றாகச் செய்த வேலை தரும் சந்தோஷம் அது.

ஆறு வாரம் அது ஓடியது. பெரியம்மா வீட்டில் பேரன் வாங்கிக் கொடுத்த போனில் தினமும் ஓடியது. அவருக்கு இனிப்பு நீர். பதினைந்து வருடமாக அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர். இது எங்கள் குடும்பத்தின் தனிக்கதை இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது ஏறத்தாழ மூன்றில் ஒருவர். அந்த விளம்பரத்தை எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

பெரியம்மா பானத்தை வாங்கினார். மாத்திரையை நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. காலில் ஒரு சின்னப் புண் வந்து ஆறாமல் போய், அலோர் ஸ்டாரில் மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் பெரியம்மா மாத்திரையை நிறுத்தினீங்க என்று கேட்டேன். அவர் கோபமில்லாமல் சொன்னார்:

“நீதானே கண்ணு சொன்ன. ஒனக்குத் தெரியாதா?”

“நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லலையே பெரியம்மா.”

“வாயால சொல்லல. ஆனா சொன்ன.”

அன்று இரவு பஸ்ஸில் அந்தப் பதிவை எடுத்துக் கேட்டேன். உண்மைதான். நான் சொல்லவே இல்லை. ஒரு வழக்கறிஞர் அந்தத் தாளை வரிக்கு வரி படித்தாலும் ஒரு பொய்கூடக் கிடைக்காது. அதே சமயம் அந்தப் பாதி மூச்சில் எல்லாம் இருந்தது. ‘எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்த நோய் இருந்தது, இதைக் குடித்தார், இப்போது பயமில்லை.’ இதைப் பெரியம்மா தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மிகச் சரியாகப் புரிந்துகொண்டார். புரிய வைப்பதற்குத்தான் நான் எட்டு வாரம் காசு கட்டிப் படித்திருந்தேன்.

மழையைப் பற்றிய வாக்கியம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு சில மாதம் எனக்கு நானே மூன்று சமாதானங்கள் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் இங்கே வைத்துப் பார்க்கிறேன்.

முதல் சமாதானம்: ‘நான் எழுதவில்லை, வாசித்தேன்.’ இதற்கு ஒரு கௌரவமான வடிவம் உண்டு. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1981-இல் வந்த நூலொன்றில் வானொலிப் பேச்சைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். ‘பேசுபவர்’ என்று நாம் ஒரே ஆளாக நினைப்பதை அவர் மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒலியை எழுப்புபவர் ஒருவர், சொற்களைத் தேர்ந்தவர் ஒருவர், அந்தச் சொற்களின் நிலைப்பாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர். செய்தி வாசிப்பவர் பெரும்பாலும் முதலாமவர் மட்டும்தான். வகுப்பில் சார், டில்லி ஆகாசவாணியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டார். ‘செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசாமி.’ கணீரென்ற குரல். அந்த ‘வாசிப்பது’ என்ற சொல்லை அப்போது நான் கவனிக்கவில்லை. எவ்வளவு நேர்மையான சொல் அது! இவை என் சொற்கள் இல்லை, நான் இவற்றை உங்களுக்கு வாசிக்கிறேன், என் பெயர் இது என்று ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லிவிடுகிறது.

என் விளம்பரத்தில் அந்தச் சொல்லைத்தான் திட்டமிட்டு எடுத்திருந்தார்கள். எழுதியவர் மறைந்துகொண்டார், பானத்தை விற்றவர் மறைந்துகொண்டார். மூன்று ஆள் இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒருத்தி மட்டும், ‘எங்கள் வீட்டில்’ என்று சொல்லிக்கொண்டு நின்றேன். வாசிக்கிறேன் என்று சொல்லாமல் வாசித்துவிட்டு, பிறகு வாசிக்கத்தானே செய்தேன் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

இரண்டாவது சமாதானம்: ‘தாளில் பொய் இல்லை.’ இது பொய்யைச் சொல்லுக்குள் மட்டும் தேடுகிற பழக்கத்திலிருந்து வருகிறது. திருக்குறளில் வாய்மைக்கு ஓர் அதிகாரம், சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம். வாய்மை முப்பதாவது அதிகாரம். துறவு பேசும் இடத்தில் வருகிறது. சொல்வன்மை அறுபத்தைந்தாவது, அமைச்சனைப் பற்றிய அதிகாரங்களின் நடுவே வருகிறது. பள்ளியில் இரண்டையும் மனப்பாடம் செய்தேன். ஏன் இரண்டும் இவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கேட்டதில்லை. அமைச்சன் பிறருக்காகப் பேசுகிறவன். அவனுக்குச் சொல்வன்மை ஒரு தொழில்கருவி. வாய்மையையோ வள்ளுவர் சொல்லுக்கும் நடந்ததற்கும் உள்ள பொருத்தமாக மட்டும் வரையறுக்கவில்லை. கேட்பவருக்குத் தீங்கு விளைக்கிறதா என்பதையும் அளவுகோலாக்குகிறார். அந்த அளவுகோலை என் அறுபது நொடிமேல் வைத்தால், தாளில் பொய் இல்லை என்பது பதிலாகவே நிற்காது.

மூன்றாவது சமாதானம்: ‘பெரியம்மா டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும்.’ ஆமாம், கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இங்கே பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடல் குறுக்கே வருகிறது. அதில் சாக்ரடீஸ் பேச்சுக்கலையைச் சமையலோடு ஒப்பிடுகிறார். மருத்துவத்தின் இடத்தில் சமையல் வந்து உட்கார்ந்துகொண்டு, உடம்புக்கு எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்கிறதாம். குழந்தைகளின் சபையில் வைத்தியரும் சமையல்காரரும் போட்டியிட்டால் வைத்தியர் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்கிறார். நான் இதைப் படித்தபோது பெரியம்மாவின் கிளினிக் ஞாபகம் வந்தது. டாக்டர் நல்லவர்தான். ஆனால் காலையில் எண் வாங்கி மதியம் வரை காத்திருந்தால் அவர் ஐந்து நிமிடம் பேசுவார், அதுவும் மலாயில். நானோ தினமும் மூன்று மணி நேரம் அவர் மொழியில், அவர் சமையலறையில், சிரித்துக்கொண்டே பேசினேன். ஒரே ஆளுக்குப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன்; அந்த ஒரே ஆள் அவர்தான். போட்டியைச் சமமில்லாமல் ஆக்கிவிட்டு, தோற்றவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் குரலில் எந்தக் கலையும் கூடாதா? எல்லாவற்றையும் எந்திரம்போல வாசித்துவிட வேண்டுமா? இந்த இடத்தில் நான் நெடுநாள் சிக்கிக்கொண்டிருந்தேன். வெள்ள எச்சரிக்கையை உணர்ச்சியில்லாமல் வாசிப்பதும் ஒரு வகையில் பொய்தான். ‘இது முக்கியமில்லை’ என்று குரல் சொல்லிவிடும். குரலுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. மௌனமாக வாசிப்பதும் ஒரு தொனிதான்.

கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு சின்னச் சோதனை. தாளை எடுத்து, குரலை முழுக்கக் கழற்றிவிட்டு, மளிகைப் பட்டியல் வாசிப்பதுபோல வாசிக்க வேண்டும். பிறகு, நம்பச் சொல்கிற விஷயம் இன்னும் தாளில் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஆற்று நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டிவிட்டது, தாழ்வான பகுதியில் இருப்போர் வெளியேற வேண்டும்’ என்பதை எப்படி வாசித்தாலும் ஆதாரம் அங்கேயே இருக்கிறது. குரல் அதைக் காதுக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். என் விளம்பரத்தை அப்படி வாசித்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை. பயந்த காலம், மூன்று புள்ளி, நிம்மதி. ஆதாரம் முழுவதும் என் மூச்சில் இருந்தது. அதாவது அங்கே நான் அறிவிப்பாளராக இல்லை, சாட்சியாக இருந்தேன். பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. என் நண்பன் ஒருவன், கவிதை எழுதுகிறவன், கேட்டான்: “கவிதையிலகூட தொனியை எடுத்துட்டா ஒண்ணும் மிஞ்சாது. அப்ப கவிதையும் மோசடியா?” நல்ல கேள்வி. என் பதில் இதுதான்: கவிதை தருவதாகச் சொல்கிற அனைத்தும் அதைக் கேட்கும்போதே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். வாசலுக்கு வெளியே உங்களிடம் அது எதுவும் கேட்பதில்லை. என் அறுபது நொடியோ ஒரு பணப்பையைத் திறக்கச் சொன்னது, ஒரு மாத்திரை டப்பாவை மூடச் சொன்னது. விலையை வேறிடத்தில், வேறு நாளில் வசூலித்தது. கேட்பவர் தன் உடம்பையோ காசையோ வாக்கையோ பணயம் வைக்க வேண்டிய இடத்தில்தான் என் சோதனை வேலை செய்ய வேண்டும். ஒப்பாரிப் பாட்டிக்கு அது தேவையில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. சம்பளம். நான் மறுத்திருந்தால் அடுத்த நாற்காலியில் இருந்தவர் வாசித்திருப்பார். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஸ்சைல்ட் 1983-இல் வெளிவந்த தன் நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகையும் கனிவும் எப்படிச் சம்பள வேலையின் பகுதியாகின்றன என்று விளக்கினார். உணர்ச்சியும் உழைப்புதான். உழைப்பாளி மீது மட்டும் அறத்தைச் சுமத்திவிட்டு, எழுதியவரையும் விற்றவரையும் விட்டுவிடுவது நியாயமா? நியாயமில்லை. முதல் பொறுப்பு அவர்களுடையதுதான். ஆனால் அவர்களுக்குப் பெரியம்மாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். பொறுப்பைப் பங்கு பிரிக்கும்போது என் பங்கு சிறியதாக இருக்கலாம். அது மற்றவர் பங்கால் கழிந்துபோவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், அதுவரை பெயர் சொல்லாமல் செய்தி வாசித்த பிபிசி அறிவிப்பாளர்கள் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். எதிரி படையெடுத்து வானொலியைப் பிடித்துப் போலிச் செய்தி வாசித்தால், இது நமக்குத் தெரிந்த குரல் இல்லையே என்று நேயர்கள் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக. குரலை அடையாளத்தோடு கட்டுவது அன்று ஒரு பாதுகாப்பு. இன்று யாருடைய குரலையும் சில நிமிடப் பதிவிலிருந்து இயந்திரம் போலி செய்துவிடுகிறது. பாதி மூச்சு, உதடு விரிகிற சிரிப்பு எல்லாவற்றோடும். நான் எட்டு வாரம் பட்ட பாட்டுக்கு இனி என்ன மதிப்பு என்று சில நாள் தோன்றும். பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டிய நிலை இயந்திரத்துக்கு வராது என்பதும் தோன்றும்.

பெரியம்மா தேறி வீட்டுக்கு வந்த பிறகு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லிப் போன் செய்தேன். அவர் நம்ப வேண்டுமே என்ற பதற்றத்தில் எனக்கே தெரியாமல் குரல் இறங்கியது, நிறுத்தம் விழுந்தது, அழுத்தம் வந்தது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“இது நீ பேசறியா, ரேடியோ பேசுதா?” என்று கேட்டார்.

கேலி இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பழக்கிய குரல் பொய் இல்லை என்று இவ்வளவு வாதாடிய எனக்கு, அது உண்மை பேசும்போதும் இனி அவர் ஒரு நொடி யோசிப்பார் என்பதுதான் கிடைத்த தண்டனை. “நான்தான் பெரியம்மா. மாத்தரய சாப்புடுங்க, செத்துகித்து போயிடாதீங்க” என்றேன். சிரித்துவிட்டு, “சரி சரி” என்றார்.

அந்த வானொலியிலிருந்து வெளியே வந்துவிட்டேன். வீரமாக இல்லை, வேறு வேலை கிடைத்த பிறகுதான். இப்போது வருடத்துக்கு இரண்டு முறை சார் தன் வகுப்பில் ஒரு சனிக்கிழமையை எனக்குக் கொடுக்கிறார். மழை வாக்கியத்தை அவரே நடத்துகிறார். சாய்கோடு, அடிக்கோடு, பென்சில், சிரிப்பு எல்லாம் நான் சொல்லிக் கொடுக்கிறேன், முழு மனதோடு. மதியம் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்து, நன்றாக வாசிக்கச் சொல்வேன். வாசிப்பார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு ஒவ்வொருவரையும், தாங்கள் சொன்னால் அப்படியே நம்பிவிடக்கூடிய ஒருவருக்குப் போன் போட்டு, அதையே அதே குரலில் வாசித்துக் காட்டச் சொல்வேன்.

போன வகுப்பில் பன்னிரண்டு பேர். ஏழு பேர் போனைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்துவிட்டார்கள்.